உள்ளகக் கட்டடக்கலையில் முதுமாணி: யாழ்ப்பாணத்திலிருந்து படிக்கப் போவோருக்கு

யாழ்ப்பாணத்தில் இன்று கட்டட வேலைக்குக் குறைவில்லை. வெளிநாட்டுக் காசில் மாடி வீடுகள் எழுகின்றன. திருமண மண்டபங்களும் தனியார் மருத்துவமனைகளும் பெருகுகின்றன. பழைய கல்வீடுகள் சில சுற்றுலா விடுதிகளாக மாறுகின்றன. இவற்றின் உட்புறம் எப்படி அமைய வேண்டும் என்று யார் தீர்மானிக்கிறார்? சில வேளை மேசன், சில வேளை தளபாடக் கடைக்காரர், பல வேளைகளில் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடும் ஒரு படம். அதனால்தான் நட்டநடு மதியத்தில் மின்விளக்கு எரிகிற ஹோலும், மேற்கு வெயிலை முழுதாக உள்ளே இழுக்கும் கண்ணாடிச் சுவரும், சக்கர நாற்காலி நுழைய முடியாத குளியலறையும் புது வீடுகளிலேயே காணக்கிடைக்கின்றன.

இந்தத் தீர்மானங்களை அறிவோடு எடுக்கப் பயிற்றுவிப்பதுதான் உள்ளகக் கட்டடக்கலை, உள்ளக வடிவமைப்பு என்ற பெயர்களில் உலகப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் முதுமாணிக் கற்கைநெறி. அது என்ன படிப்பு, யார் படிக்கலாம், எங்கே படிக்கலாம், போகுமுன் எதைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பவற்றை யாழ்ப்பாணத்து மாணவரையும் பெற்றோரையும் மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறோம்.

மூன்று வேலைகள், மூன்று படிப்புகள்

வண்ணார்பண்ணையில் பூட்டிக் கிடக்கும் பழைய நாற்சார் வீடு ஒன்றை முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையமாக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

கூரையின் கைமரமும் வளையும் இன்னும் தாங்குமா, புதிதாக ஓர் அறையைச் சேர்க்கலாமா, பிரதேச சபையிடமோ மாநகர சபையிடமோ என்ன அனுமதி பெற வேண்டும் என்பவற்றுக்குக் கட்டடக்கலைஞரும் குடிசார் பொறியியலாளரும் பொறுப்பு. திரைச்சீலை, சுவர் நிறம், கதிரை, பூச்சாடி ஆகியவற்றைத் தேர்ந்து அழகாக வைப்பது உள்ளக அலங்காரம். இவ்விரண்டுக்கும் நடுவிலிருப்பதே நம் துறை. எந்தச் சுவரை அகற்றலாம், எதை அகற்றக் கூடாது? ஆறு அங்குல வாசற்படியை முதியவர் எப்படித் தாண்டுவார்? முற்றத்து வெளிச்சம் எந்த அறை வரை எட்டும்? காது மந்தமானவர் நான்கு பேர் பேசும் அறையில் எதிரொலியை எப்படிக் குறைப்பது? குளியலறைத் தரைக்கு எந்த ஓடு வழுக்காது? இவற்றுக்கு அளவோடும் வரைபடத்தோடும் செலவுக் கணக்கோடும் பதில் சொல்பவர் உள்ளகக் கட்டடக்கலைஞர்.

‘உள்ளகக் கட்டடக்கலை’ என்று பெயரிட்ட கற்கைநெறிகள் பொதுவாக, ஏற்கெனவே இருக்கும் கட்டடத்தை மாற்றிப் பயன்படுத்துவதில், அதாவது கட்டமைப்பு, வெளிச்சம், வெப்பம் ஆகியவற்றில் கூடுதல் கவனம் செலுத்தும். ‘உள்ளக வடிவமைப்பு’ என்பவை தளபாடம், பொருள், பயனாளர் அனுபவம் ஆகியவற்றின் பக்கம் சாயும். ஆனால் இந்த எல்லை நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே பெயரைவிடப் பாடத்திட்டத்தைப் பார்ப்பதே பாதுகாப்பு.

பாடப்புத்தகம் ஊரிலேயே இருக்கிறது

இந்தத் துறையின் அடிப்படைகளை விளங்கிக்கொள்ள நாற்சார் வீட்டைவிட நல்ல உதாரணம் யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைக்காது. நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றி நான்கு புறமும் விறாந்தை, விறாந்தையிலிருந்து திறக்கும் அறைகள், பின்புறம் குசினி. இந்த அமைப்பில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

முதலில் வெயில். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு ஏறத்தாழ 9.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும். எந்தப் பருவத்திலும் நண்பகல் வெயில் உயரத்திலிருந்து விழுவதால் வடக்கு, தெற்குச் சுவர்களை ஓரளவு நீண்ட தாழ்வாரமே மறைத்துவிடும். தாழ்ந்து வரும் காலை வெயிலும் பின்னேர வெயிலும் படுகிற கிழக்கு, மேற்குச் சுவர்களுக்குத்தான் சிக்கல். விறாந்தை அந்த வெயிலை அறைச் சுவரில் படவிடாமல் தடுக்கிறது. மேற்கு நோக்கிப் பெருங்கண்ணாடி வைக்கும் இன்றைய மாடி வீடு இந்தப் பாடத்தை மறந்ததன் விலையை மின்சாரப் பட்டியலில் செலுத்துகிறது.

அடுத்தது காற்று. சோளகம் வீசும் மாதங்களில் தென்மேற்கிலிருந்து காற்று தொடர்ந்து வரும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். எதிரெதிரே யன்னலும் கதவும் நடுவில் முற்றமும் இருந்தால் இரண்டு பருவத்துக் காற்றும் வீட்டுக்குள் ஓடும். ஓட்டுக் கூரையின் இடுக்குகளால் சூடான காற்று மேலே வெளியேறும். சீமெந்துத் தட்டுக் கூரையும் அஸ்பெஸ்டஸ் கூரையும் வந்த பிறகு அந்த வழி அடைபட்டது.

மூன்றாவது பொருள். சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட தடித்த சுவர், பகல் வெப்பத்தை மெதுவாகவே உள்ளே விடும். நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தையும் உப்பையும் அது வெளியே மூச்சுவிட்டுத் தள்ளும். காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிய ஊரில், சீமெந்து எல்லாவற்றுக்கும் மருந்தாகத் தெரிந்தது வியப்பில்லை. ஆனால் சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்துப் பூச்சு பூசினால் ஈரம் உள்ளே அகப்பட்டு, சில ஆண்டுகளில் பூச்சு கொப்பளித்து உதிரும். பழைய வீட்டைத் திருத்தியவர்கள் பலர் இதைக் கண்டிருப்பார்கள். ஏன் அப்படி ஆகிறது, எந்தக் கலவை பொருந்தும் என்பது முதுமாணிப் படிப்பில் ஒரு முழுப் பாடம். முற்றிய பனையின் கருத்த வெளிவைரம் கூரைச் சலாகைக்கு ஏற்றது, உள்ளே இருப்பது மென்மையான சோறு என்பதும் ஊர்த் தச்சருக்குத் தெரிந்த, பொருள்கள் பற்றிய அறிவுதான். பனை தறிக்க இன்று அனுமதி வேண்டும் என்பதால், பழைய வீடு இடிபடும்போது கழிக்கும் பனஞ்சலாகைக்கு மறுபயன்பாட்டுப் பெறுமதி கூடியிருக்கிறது.

நான்காவது மனிதர். இதை அழகுணர்ச்சியோடு மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. வழிப்போக்கர் இளைப்பாறச் சங்கடப்படலையில் இருக்கையும் தண்ணீரும் வைத்த அதே ஊரில்தான், ஒடுக்கப்பட்ட சாதியினர் விறாந்தையில் ஏறவிடாமல் முற்றத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். முன்விறாந்தை ஆண்களுக்கும் விருந்தினருக்கும் என்றும், புகை நிறைந்த குசினி பெண்களுக்கு என்றும் பிரிந்திருந்தது. யார் எதுவரை வரலாம் என்ற சமூகச் சட்டத்தை வாசற்படியும் திண்ணையும் சுவரும் நடைமுறைப்படுத்தின. இடத்தைப் படிப்பது என்றால் இதையும் சேர்த்தே படிப்பதாகும். பழமையை அப்படியே திருப்பிக் கட்டும் வடிவமைப்பாளர் எதைத் திருப்பிக் கொண்டுவருகிறார் என்று அறிந்திருக்க வேண்டும்.

நாற்சார் வீடு வசதி படைத்தவர்களின் வீடு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பெரும்பாலோர் வளவுக்குள் வீடு, அடுக்களை, தலைவாசல் எனத் தனித்தனிக் கொட்டில்களில் வாழ்ந்தார்கள். மண்சுவர், கிடுகு அல்லது பனையோலைக் கூரை, சாணம் மெழுகிய தரை. இந்த எளிய வளவுகளைப் பற்றிய வரைபடங்கள் நாற்சார் வீடுகளுக்கு இருப்பதைவிடக் குறைவு. ஆய்வுக்கு அங்கே இடம் நிறைய உண்டு.

முதுமாணியில் என்ன கற்பிப்பார்கள்?

எந்த நாட்டில் படித்தாலும் நடுநாயகமாக இருப்பது வடிவமைப்புக் கூடம். ஒரு பருவத்துக்கு ஒரு கட்டடத்தையோ இடத்தையோ கையில் எடுத்து, வாரந்தோறும் வரைந்தும் மாதிரி செய்தும் விரிவுரையாளர்முன் வைத்து விவாதிக்க வேண்டும். மனனம் செய்து எழுதும் பரீட்சைக்குப் பழகியவர்களுக்கு இது முதலில் கடினமாக இருக்கும். இங்கே ஒரே சரியான விடை இல்லை. ஆனால் எடுத்த முடிவுக்குக் காரணம் காட்ட வேண்டும்.

அதோடு சேர்ந்து வருபவை: வெளிச்சம், வெப்பம், ஒலி ஆகியவற்றை அளந்து கணிப்பது, பொருள்களும் இணைப்பு முறைகளும், உடலளவுக்கேற்ற வடிவமைப்பு, தீ பாதுகாப்பு, மாற்றுத்திறனாளர் அணுகல் போன்ற விதிமுறைகள், உட்புற வரலாறும் கோட்பாடும், பழைய கட்டடத்தை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவருதல். இறுதியில் ஓர் ஆய்வேடு, அல்லது ஆய்வோடு கூடிய பெரிய வடிவமைப்புத் திட்டம்.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி முதுமாணியில் இரண்டு வகை உண்டு. 30 திறமைப் புள்ளிகள் கொண்ட, பாடநெறி மட்டுமுள்ள முதுமாணி 9ஆம் மட்டம். ஆய்வும் சேர்ந்த 60 திறமைப் புள்ளி முதுமாணி 10ஆம் மட்டம். பின்னாளில் பல்கலைக்கழக விரிவுரையாளராகவோ கலாநிதிப் பட்டத்துக்கோ போக நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டைச் சேர்வதற்கு முன்னரே கவனிக்க வேண்டும். வெளிநாட்டு ஓராண்டு முதுமாணி எந்த மட்டத்துக்கு நிகராகக் கொள்ளப்படும் என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது.

பயனாளரை மறந்தால் என்ன ஆகும்?

போருக்குப் பிந்திய வடக்கின் வீட்டுத் திட்டங்கள் இத்துறைக்குப் பெரிய பாடம். இந்திய உதவியில் வடக்குக் கிழக்கில் சுமார் 46,000 வீடுகளுக்கான திட்டத்தில், பெரும்பாலும் குடும்பங்களே தங்கள் வீட்டைக் கட்டின. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கட்டங்கட்டமாகக் கிடைத்தது. தரைப்பரப்பு சுமார் 550 சதுர அடி. காசு போதாமல் கடன்பட்டவர்கள் உண்டு. ஆனால் குசினி எந்தப் பக்கம், சாமி அறை எங்கே, பின்னாளில் எந்தத் திசையில் நீட்டிக் கட்டுவது என்பவற்றில் குடும்பத்துக்கு ஒரு சொல் இருந்தது.

சில ஆண்டுகளின் பின் அரசாங்கம் 65,000 உருக்கு வீடுகளை ஆர்சலர் மித்தல் நிறுவனத்தின் மூலம் கொண்டுவந்து பொருத்தத் திட்டமிட்டது. ஒரு வீட்டின் விலை 20 இலட்சம் ரூபாவைத் தாண்டியது. மாதிரி வீடுகளும் கட்டிக் காட்டப்பட்டன. அவை இந்த வெப்பத்துக்குப் பொருந்துமா, எவ்வளவு காலம் உழைக்கும், குடும்பம் பெருகினால் நீட்டிக் கட்டலாமா, பழுதானால் ஊர் மேசனால் திருத்த முடியுமா என்று பொறியியலாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் கேள்வி எழுப்பினார்கள். அந்தக் காசில் ஒன்றுக்கு மேற்பட்ட கல் வீடுகளைக் கட்டலாம் என்ற கணக்கும் முன்வைக்கப்பட்டது. எதிர்ப்பின் பின் திட்டம் கைவிடப்பட்டது. அங்கே எழுந்த கேள்விகள் அத்தனையும் உள்ளகக் கட்டடக்கலையின் கேள்விகள்தான்.

நல்ல உதாரணமும் ஊரில் உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் திட்டமிட்டபோது சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மனோடு, நூலகவியலின் பெரும்புலவரான எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனையும் பெறப்பட்டது. நூல் எப்படி அடுக்கப்படும், வாசகர் எங்கே இருப்பார் என்பதை அறிந்தவர் திட்டத்திலேயே இருந்தார். 1959இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் 1981இல் எரிக்கப்பட்டு, பின்னர் மீளக் கட்டப்பட்டது. கட்டடக்கலைஞர் வி. எஸ். துரைராஜா அதன் மீளெழுச்சியைப் பற்றித் தனி நூலே எழுதினார். பொதுக் கட்டடத்தின் உட்புறம் ஒரு சமூகத்துக்கு என்னவாக இருக்க முடியும் என்று ஆராய விரும்புபவர் அங்கிருந்தே தொடங்கலாம்.

இன்னொன்று கலைப் பக்கத்திலிருந்து வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011இல் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ (முற்றுப்பெறாத காணிப் பதிவேடு) என்ற நூலை வெளியிட்டார். இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். அதோடு முறையான கட்டடக்கலை வரைபடமும் ஓவியரின் சித்திரமும் அவர்களின் கதையும் சேர்க்கப்பட்டன. கிணறும் மாமரமும் சில அறைகளைவிடப் பெரிதாக நினைவில் நிற்கக்கூடும் என்பதை அளவுநாடா சொல்லாது. நினைவு வரைபடம் சொல்லும். இன்று வெளிநாட்டு வடிவமைப்புக் கூடங்களில் பேசப்படும் ‘பயனாளர் பங்கேற்பு ஆய்வு’ என்பதற்கு நம்மூரிலேயே இவ்வளவு வலுவான முன்மாதிரி இருக்கிறது.

இலங்கையின் முன்னோர்கள்

1948இல் பிரித்தானியக் கட்டடக்கலைஞர் நிறுவனத்தில் இணைந்த முதல் ஆசியப் பெண்ணான மினெற் டி சில்வா, கண்டியில் கட்டிய கருணாரத்ன இல்லத்தில் தும்பறை நெசவையும் அரக்கு வேலையையும் உட்புறத்தின் அங்கமாக்கினார். கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா கொழும்பில் பற்றிக் கலைஞர் எனா டி சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் கட்டிய முற்ற வீடு, பின்னாளில் இடம் விற்கப்பட்டபோது பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, பாவாவின் தோட்டமான லுணுகங்கவில் மீளப் பொருத்தப்பட்டது. பாவாவிடம் பணியாற்றிய தமிழரான சி. அஞ்சலேந்திரன் தன் வீட்டு விறாந்தையையே அலுவலகமாக வைத்து இயங்கியவர். ரொனால்ட் லூகொக், பாபரா சன்சோனி, லக்கி சேனநாயக்க மூவரும் தீவின் பழைய கட்டடங்களை அலைந்து வரைந்து 1998இல் பெருநூலாக்கினார்கள்.

இவர்கள் அனைவரிடமும் பொதுவாக இருப்பது ஒன்று: முதலில் இருப்பதை வரைந்தார்கள், பிறகு புதிதைச் செய்தார்கள்.

அடிப்படைப் பட்டம் எங்கே?

முதுமாணிக்கு முன் ஒரு பட்டம் வேண்டும். கட்டடக்கலை இளமாணிக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகம் பழைய வாசல். உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். கணிதப் பிரிவு மாணவருக்கு மட்டுமான துறை என்ற எண்ணம் தவறு. அந்த ஆண்டின் அனுமதிக் கைந்நூலில் பாடச் சேர்க்கைகளைப் பாருங்கள். மொறட்டுவையில் வடிவமைப்புப் பட்டமும், தொன்மைச் சின்னங்களின் பாதுகாப்புச் சார்ந்த பட்டப்பின்படிப்பும் உண்டு. கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் கட்டடக்கலை கற்பிக்கப்படுகிறது. வேலை செய்தபடியே படிக்க விரும்புவோருக்கு இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் கொழும்புக் கட்டடக்கலைப் பள்ளி வழி தரும். உள்ளக வடிவமைப்புக்கென்றே கொழும்பில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்த தனியார் நிறுவனங்களும் உண்டு. அங்கே கட்டணத்தையும் பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கட்டடக்கலை படிக்காதவருக்கும் கதவு மூடவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படித்தவர்கள், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்தில் குடிசார் பொறியியல் படித்தவர்கள் ஆகியோரை ஏற்கும் முதுமாணிகள் வெளிநாட்டில் உண்டு. சில ஓராண்டு ஆயத்தப் படிப்பைக் கேட்கும். தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சி பெற்று அளவும் வரைவும் கைவந்தவர்கள், பட்டம் ஒன்றை முடித்துவிட்டு வரும்போது கூடத்தில் மற்றவர்களுக்கு முன்னே நிற்பார்கள்.

முதுமாணி எங்கே?

அருகிலுள்ள வலுவான இடம் அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம். பி. வி. தோஷி 1962இல் கட்டடக்கலைப் பள்ளியாகத் தொடங்கியது. உள்ளகக் கட்டடக்கலையும் வடிவமைப்பும் என்ற முதுமாணியைக் கைவினை, எரிசக்தி முதலிய சிறப்புப் பிரிவுகளோடு நடத்திய நிறுவனம் இது. பெயரும் பிரிவுகளும் காலத்துக்குக் காலம் மாறும். அதன் கைவினை ஆய்வு மையம், இங்கிலாந்து நோரிச் நகரின் ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்து குஜராத்தின் ஊர்த் தளபாடங்களை, பெட்டகம், தொட்டில், மணை என்று ஒவ்வொன்றாக அளந்து பதிவு செய்தது. யாழ்ப்பாணத்துச் சாய்மனைக் கதிரைக்கும் பெட்டகத்துக்கும் அப்படி ஒரு வேலை காத்திருக்கிறது. அதே நகரில் 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் தளபாடமும் உள்ளக வடிவமைப்பும் முதுநிலைப் பாடம்.

ஐரோப்பாவில் ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பப் பயன்முறைப் பல்கலைக்கழகம், இஸ்தான்புல், லுகானோ, அகமதாபாத் முதலிய இடங்களின் நிறுவனங்களோடு இணைந்து பன்னாட்டு உள்ளகக் கட்டடக்கலை முதுமாணியை உருவாக்கியது. ஜேர்மனியின் அரசப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ அறவிடுகிறது. இப்படியான சிறு விபரங்களில்தான் குடும்பத்தின் வரவுசெலவு தவறிப்போகும்.

லண்டனின் றோயல் கலைக் கல்லூரி உள்ளக வடிவமைப்பு முதுமாணிக்குப் பெயர்பெற்றது. அமெரிக்காவின் றோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளி, பழைய கட்டடங்களின் மறுபயன்பாட்டையே மையமாக வைத்து முதுமாணி நடத்துகிறது. கல்வீடுகளைக் காப்பாற்ற விரும்பும் நம்மவருக்கு அதன் பாடத்திட்டம் வாசிக்கத்தக்கது. கனடாவில் மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் உள்ளக வடிவமைப்பு முதுமாணி தொழில்முறை அங்கீகாரம் உள்ளது.

புலமைப்பரிசில்களில் இந்திய அரசின் மௌலானா ஆசாத் திட்டம் முதுநிலைப் படிப்புக்கானது. இந்த ஆண்டு எந்தத் துறைகள், எந்த நிறுவனங்கள் என்பதை யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத்தூதரகத்தில் கேட்கலாம். ஜேர்மனியின் டாட் (DAAD) அமைப்பு கட்டடக்கலைத் துறைகளுக்கெனத் தனிப் புலமைப்பரிசில் வைத்திருக்கிறது, உள்ளகக் கட்டடக்கலையும் அதில் அடங்கும். பிரித்தானியாவின் செவனிங்குக்கு இரண்டு ஆண்டுகளுக்கு நிகரான வேலை அனுபவம் வேண்டும், படித்தபின் நாடு திரும்ப வேண்டும். அமெரிக்காவுக்கு புல்பிரைட் உண்டு.

பட்டம் வேறு, தொழிற்பெயர் வேறு

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உள்ளகக் கட்டடக்கலையில் முதுமாணி பெற்றவர் அதனால் மட்டும் கட்டடக்கலைஞர் ஆகிவிட மாட்டார். இலங்கையில் கட்டடக்கலைஞர் என்ற பெயரில் தொழில் செய்யச் சட்டப்படி பதிவு வேண்டும். ஜேர்மனியில் உள்ளகக் கட்டடக்கலைஞர் என்ற பெயரும் சட்டப் பாதுகாப்புள்ளது. மாநிலத் தொழிற்கழகத்தில் பதிந்தால்தான் பயன்படுத்தலாம். ஒன்ராறியோவில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளக வடிவமைப்பாளர் சங்கம் அந்தப் பெயரைக் காக்கிறது. பட்டத்தோடு வேலை அனுபவமும் வட அமெரிக்கத் தகுதிப் பரீட்சையும் கேட்கிறது. ரொறன்ரோவில் குடியேறும் எண்ணத்தோடு படிப்பவர், தான் படிக்கும் பட்டம் அந்தப் பரீட்சைக்குத் தோற்றத் தகுதி தருமா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

போகுமுன் சேர்க்க வேண்டியது

விண்ணப்பத்தின் உயிர் வேலைத் தொகுப்புத்தான். நேர்காணல் குழுவுக்குக் கணினியில் பளபளக்கும் ஹோல் படங்கள் ஆயிரம் வரும். ஓர் உண்மையான வீட்டை அளந்து வரைந்த படம் அபூர்வம். அதைச் செய்வது இப்படி:

ஊரில் ஒரு பழைய வீட்டைத் தேர்ந்து, உரிமையாளரிடம் அனுமதி பெறுங்கள். வெளிநாட்டில் இருந்தால் எழுத்தில் பெறுங்கள். நாடாவால் ஒவ்வோர் அறையின் நீள அகலத்தோடு மூலைவிட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். பழைய அறைகள் முழுச்சதுரமாக இருப்பதில்லை, மூலைவிட்டம் இல்லாவிட்டால் படம் பொருந்தாது. தரைப்படம், குறுக்குவெட்டு, யன்னல் ஒன்றின் விரிவான படம் ஆகியவற்றை வரையுங்கள். காலை, நண்பகல், பின்னேரம் மூன்று வேளையும் வெயில் எங்கே விழுகிறது, வெப்பமானி என்ன காட்டுகிறது என்று குறியுங்கள். சோளக மாதத்தில் ஒரு தடவையும் மாரியில் ஒரு தடவையும் செய்தால் அதுவே ஆய்வு. அந்த வீட்டில் வாழ்ந்த அம்மம்மாவிடமும் அதைத் திருத்திய ஆசாரியாரிடமும் பேசி, அவர்கள் பயன்படுத்தும் சொற்களிலேயே பதியுங்கள். தீராந்தி, கைமரம், சலாகை, நிலை என்பவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றும் அவசரம் வேண்டாம். படத்தில் இரு மொழியிலும் எழுதலாம்.

கடைசியாக, அந்த வீட்டுக்கு ஒரு புதிய பயனைக் கொடுத்து, எதை வைத்தீர்கள், எதை மாற்றினீர்கள், ஏன் என்று இரண்டு பக்கத்தில் விளக்குங்கள். பின்னணி வாசிப்புக்கு நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகமும், தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடங்கி வளர்த்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதனின் கட்டுரைகளும் தமிழிலேயே கைகொடுக்கும்.

திரும்பி வந்தால் வேலை?

நேர்மையாகச் சொன்னால், ‘உள்ளகக் கட்டடக்கலைஞர் தேவை’ என்ற விளம்பரம் யாழ்ப்பாணப் பத்திரிகையில் அடிக்கடி வராது. ஆனால் விடுதி, மருத்துவமனை, பாடசாலை, வங்கிக் கிளை, கோயில் மண்டபம், அருங்காட்சியகம் என எல்லாவற்றிலும் இந்த வேலை ஏதோ ஒரு பெயரில் நடக்கிறது. கொழும்பு நிறுவனங்களிலும் வளைகுடாவிலும் தேவை தெளிவாக உண்டு. ஊரில் தொடங்குபவர் முதல் சில ஆண்டுகள் தச்சர், மேசன், மின்னிணைப்பாளர் ஆகியோரோடு சேர்ந்து சிறு வேலைகளைச் செய்து காட்டித்தான் நம்பிக்கை பெற வேண்டும். வரைபடத்துக்குத் தனியே காசு கொடுக்கும் வழக்கம் இங்கே இன்னும் வேரூன்றவில்லை என்பதால் கட்டணத்தை முதல் நாளே எழுத்தில் பேசிக்கொள்வது அவசியம்.

ஆகவே, கற்கைநெறியைத் தெரிவு செய்யும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வெப்பமண்டல வீட்டைப் பற்றி அங்கே யாராவது கற்பிக்கிறார்களா? என் ஆய்வேட்டை யாழ்ப்பாணத்துக் கட்டடம் ஒன்றில் செய்ய அனுமதிப்பார்களா? இந்தப் பட்டம் நான் வேலை செய்ய நினைக்கும் நாட்டில் எந்தத் தொழிற்பெயருக்கு வழிவிடும்? இம்மூன்றுக்கும் மின்னஞ்சலில் தெளிவான பதில் தராத நிறுவனத்துக்கு, அது எவ்வளவு பெயர்பெற்றதாக இருந்தாலும், காணியை ஈடுவைத்துக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.